நான்கு மணி நேரத்துக்கு ஒரு முகம்

லொரேன் இறந்த அன்று மாலை, அவளுடைய ஃபோன் அக்காள் ஓடெட்டின் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது.

வீடு நிறைய ஆட்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து அடுக்கிய சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே, சமையலறை மேடையில், அந்த ஃபோன் சார்ஜில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. சேதி இன்னும் எட்டாத யாரோ அழைக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு யாராலும் சாப்பிட முடியவில்லை. எடுத்து நிறுத்தவும் யாரும் முன்வரவில்லை. ஓடெட் எடுத்தாள். அழைப்பை விரலால் மேலே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் பூட்டு விலகி, உள்ளே திறந்தபடி விடப்பட்டிருந்த செய்திப் பக்கம் தெரிந்தது. பக்கத்தின் தலைப்பில் ஓடெட்டின் பெயர் இருந்தது.

பெயருக்குக் கீழே கண் போவதற்குள் ஃபோனைக் கவிழ்த்தாள். பிறகு சார்ஜர் கம்பியோடு சேர்த்து எடுத்து, மேலங்கியின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓடெட் கல்லானுக்கு ஐம்பத்தொரு வயது. லொரேனைவிடப் பதினான்கு மாதம் மூத்தவள். எங்கள் சிப்பி ஆலையில் இருபத்தேழு வருடம் சிப்பி பிரிக்கும் வரிசையில் நின்றவள். ஒருமுறை கல்யாணம் செய்துகொண்டு, இரண்டே வருடத்தில் அதை விட்டுவிட்டு, ஆணி, பெயின்ட் விற்கும் கடைக்கு மேலே இரண்டு அறையில் தனியாக இருக்கிறாள். கடிகாரம் பார்க்காமலே மணி சொல்வாள். அந்த ஜனவரியில் இரண்டாம் வரிசைக்கு அவளை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதும் நோட்டு அவள் கைக்கு வந்தது. தன் கூட்டாளிகள் என்பதற்காக அவள் ஒரு நிமிடத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை என்று பேச்சு.

லொரேன் அதே வரிசையில் ஏழாவது ஆள். அக்காளுக்கு எவ்வளவு மணிக்கணக்கோ அவ்வளவுக்கு இவளுக்கு நேரக் கணக்கே கிடையாது. மற்றபடி இருவருக்கும் ஒரே தாடை, ஒரே கண், ஒரே அகல நெற்றி. கோயில் சாமியார் முப்பது வருடமாகப் பெயரை மாற்றித்தான் கூப்பிடுகிறார். பதிலுக்கு லொரேன் அக்காளின் பெயரிலேயே பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள் என்று ஊரில் சொல்வார்கள்.

உப்புத் தண்ணீரில் வருடக்கணக்காகக் கை வைத்தவர்களுக்கு விரல் ரேகை மிஞ்சுவதில்லை. அதனால் ஆலையில் எல்லோருமே ஃபோனை முகத்தைக் காட்டித்தான் திறப்பார்கள். லொரேனுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது: கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்ததும் ஃபோனை அக்காள் முன்னால் தள்ளுவாள்.

"ஏ பெரியவளே, இதைப் படி."

"கண்ணாடி எங்கடி?"

"வண்டியில. அந்தக் குளிர்ல போட்டா ஆவி படிஞ்சு அதுவும் குருடாயிடுது. சும்மா படி."

ஓடெட் ஃபோனைத் தூக்குவாள். அது அவளைப் பார்த்துத் தலையாட்டி மறுக்கும். லொரேன் சாண்ட்விச்சைக் கீழே வைக்காமல், அக்காளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, விரல் முட்டியாலேயே ஆறு எண்ணைக் குத்துவாள். அது என்ன எண் என்று ஓடெட் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்ப்பது சரியல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்று பனிக்காலம் இப்படி நடந்தது. முகம் சேரவில்லை, ஆனால் உடனே சரியான எண் வந்தது. ஆகவே இதுவும் சொந்தக்காரியின் முகம்தான் என்று ஃபோன் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வருடம் எண்ணைக் கேட்பதையே அது விட்டுவிட்டது.

லொரேனின் கணவன் அலீர் பித்ரேவுக்கு அது பிடிக்கவில்லை. "இது பூட்டா, சத்திரமா? உன் ஃபோன் அவளுக்குத் திறக்குது. போய் மாத்திட்டு வா" என்றான்.

"வேற யாருக்காவது திறந்தா மாத்துறேன். இவ யாரோவா?" என்றாள் லொரேன். அக்காள் பக்கம் திரும்பி, "பாத்தியா, நம்ம ரெண்டு பேர்ல யாரு அழகின்னு இதுக்குக்கூடத் தெரியல" என்றாள்.

லொரேன் வீடு குடாவுக்கு அக்கரையில். ஆலை இக்கரையில். பாலம் சுற்றி வண்டியில் வந்தால் பனி நாளில் முப்பத்தைந்து நிமிடம். குடா உறைந்த பிறகு மேலே நடந்தால் பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு வருடமும் பனி கெட்டியானதும் அக்கரைக்காரர்கள் ஊசியிலை மரக் கன்றுகளை வெட்டி, வழி நெடுகப் பனியில் நட்டுவைப்பார்கள். மரத்துக்கு மரம் பார்த்து நடந்தால் இருட்டிலும் வழி தவறாது. ஆனால் சிப்பி எடுப்பவர்களும் அதே குடாவில்தான் ரம்பம் போட்டுப் பனியை அறுத்து, அடியில் தொங்கும் சிப்பிக் கயிறுகளை மேலே இழுக்கிறார்கள். அறுத்த இடம் ஒரே இரவில் மேலுக்கு மட்டும் மூடிக்கொள்ளும். மார்ச் கடைசியில் அந்த மூடி ஆளைத் தாங்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு முழுக்கப் பனி பெய்தது. லொரேனுக்கு ஏற்கெனவே இரண்டு தாமதம் எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது விழுந்தால் மூன்று நாள் வேலை கிடையாது. மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு ஓடெட் தங்கைக்குச் செய்தி அனுப்பினாள்: "ஆறரைக்கு நீ உள்ள இல்லன்னா எழுதித்தான் ஆகணும். மூணாவது தடவை. அப்புறம் என் கையில இல்ல."

ஆறரைக்கு லொரேன் வரவில்லை. ஓடெட் எழுதினாள். மதியம் சிப்பி எடுக்கப் போனவர்கள் பனிமேல் ஒற்றைக் கையுறையைப் பார்த்தார்கள். இரண்டு மணிக்குள் அவளையும் கண்டெடுத்தார்கள். ஃபோன் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

போலீஸ்காரர் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். ஓடெட்டுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது: தான் அனுப்பியதைப் படித்துவிட்டுத்தான் லொரேன் பனிமேல் இறங்கினாளா? படிக்காமல் போயிருந்தால் அது லொரேனும் அந்தக் காலையும் சம்பந்தப்பட்ட விஷயம். படித்திருந்தால் அவளை அங்கே இறக்கியது அக்காள். அந்தச் செய்தியைப் பற்றி ஓடெட் யாரிடமும் சொல்லவில்லை. பதில் அந்த ஃபோனுக்குள் இருந்தது. விரலை ஒருமுறை மேலே தள்ளினால் தெரிந்துவிடும். அவள் தள்ளவில்லை. தூக்கிப் பார்ப்பாள், திரையின் உச்சியில் சின்னப் பூட்டு திறந்துகொள்ளும், உடனே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி இருட்டாக்கிவிடுவாள்.

நான்காம் நாள் சவப்பெட்டியை மூடும் முன் அலீர் அவளிடம் வந்தான். இரவெல்லாம் சாலையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். பெரிய உடம்பு, தூக்கமில்லாத கண்.

"ஃபோன் உன்கிட்டதான இருக்கு? குடு. உள்ள வெச்சிடலாம்."

"எதுக்கு?"

"அவளோடது. அவகூடப் போகட்டும்."

"என்கிட்ட இருக்கட்டும் அலீர்."

"அப்ப அணைச்சாவது வை. பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது. அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்" என்றாள் ஓடெட். மேலங்கிக்குள் அது அவள் விலாவில் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியை மூடி, கல்லறைத் தோட்டத்துக் காப்பறையில் வைத்தார்கள். எங்கள் பக்கம் பனிக்காலத்தில் இறந்தவர்கள் மே மாதம் மண் இளகும்வரை அங்கேதான் காத்திருப்பார்கள்.

ஆறாம் நாள் ஓடெட் பக்கத்து நகரமான சம்மர்சைடுக்குப் போய், ஃபோன் ரிப்பேர் செய்யும் சின்னக் கடை ஒன்றில் ஏறினாள். கல்லாவில் கீலி என்ற பெண், மூக்கில் வளையம், வாயில் சூயிங்கம்.

"முகத்துக்குத் திறக்குது. எண் தெரியாது. இப்படியே எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று ஃபோனை நீட்டிக் கேட்டாள் ஓடெட்.

"யாரோடது மேடம்?"

"தங்கச்சியோடது."

"அப்ப தங்கச்சிகிட்டயே எண்ணைக் கேட்டுடலாமே."

ஓடெட் கல்லா மேசையையே பார்த்தாள். கீலி மெல்லுவதை நிறுத்தினாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நான் இதையெல்லாம் சொல்லக்கூடாது. கேட்டுக்குங்க. எண்ணைப் போட்டு ஒரு வாரம் ஆச்சுன்னா அதுக்குச் சந்தேகம் வந்துடும். அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது முகத்தைப் பாக்கணும். பாக்கலன்னா எண்ணைக் கேக்கும். கேட்டா அவ்வளவுதான். அணைஞ்சா அவ்வளவுதான். தொடர்ந்து அஞ்சு தடவை முகம் சேரலன்னாலும் அவ்வளவுதான்."

"நாலு மணி நேரம்."

"ராத்திரியும் சேத்து மேடம். தூங்குற முகத்துக்குத் திறக்காது. கண் முழிச்சு நேரா அதைப் பாக்கணும். செத்… அதாவது, சும்மா முகம் மட்டும் போதாது."

"ஒரு செய்தியை அவ படிச்சாளா இல்லையான்னு அதுல தெரியுமா?"

"படிக்கலன்னா பக்கத்துல நீலப் புள்ளி நிக்கும்."

"திறந்தப்பவே அந்தப் பக்கம்தான் வந்துச்சு. நான் உடனே மூடிட்டேன்."

கீலி உதட்டைச் சுழித்தாள். "அப்ப புள்ளி போயிருக்கும். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது முகம் சேந்தா படிச்ச கணக்குதான். படிச்சது அவங்களா நீங்களான்னு அதுக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை ரெண்டு பேரும் ஒரே ஆள்." ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓடெட்டின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரொம்ப ஒரே மாதிரி இருப்பீங்களா?"

அந்தப் பக்கத்தில் ஓடெட் பார்த்தது தலைப்பை மட்டும்தான். கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. புள்ளி போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அந்தக் கீழ்ப்பாதி இருந்தது. அதைப் பார்க்கவும் துணிவில்லை, இழக்கவும் துணிவில்லை. அதனால் நான்கு மணி நேரத்துக்கொரு முறை முகம் காட்டத் தொடங்கினாள்.

காலை ஆறு. பத்து மணி இடைவேளை. மதியம் இரண்டு. மாலை ஆறு. இரவு பத்து. விடியுமுன் இரண்டு. கைக்குழந்தை வைத்திருப்பவள் எழுவதுபோல எழுந்தாள். பிள்ளை பெறாதவளுக்கு அந்த வயதில் அந்தப் பழக்கம் வந்தது. வரிசையில் நிற்பவர்கள் ஃபோனை லாக்கரில் வைக்க வேண்டும் என்ற விதியைக் காத்தவளே அவள்தான். இப்போது ரப்பர் ஏப்ரனுக்கு உள்ளே துணிப்பை தைத்து, அதில் வைத்துக்கொண்டாள். ஒருநாள் பத்து மணிக்கு எந்திரப் பட்டை அறுந்து இடைவேளை தள்ளிப்போனபோது, வரிசையை அப்படியே விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.

பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஃபோன் அவளை மறுத்தது. விளக்கைப் போட்டாள். மறுபடி மறுத்தது. அழுது அழுது இமை வீங்கியிருந்தது. குளிர்ந்த துணியை வைத்து ஒற்றிவிட்டுக் காட்டினாள். மூன்றாவது முறையும் இல்லை. இன்னும் இரண்டுதான் பாக்கி. குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இது ஓடெட்டின் முகம். ஃபோன் கேட்பது இதை அல்ல. லொரேன் ஒரு வேடிக்கையைச் சொல்லப் போகுமுன் இடது புருவம் கொஞ்சம் மேலே போகும். வாயின் ஒரு மூலை மட்டும் சிரிக்கும். ஓடெட் அந்தப் புருவத்தைத் தூக்கினாள். அந்த மூலையை இழுத்தாள். கண்ணாடியில் லொரேன் நின்றாள். ஓடெட் அவளைப் பார்த்த பார்வையை மாற்றாமலே ஃபோனைத் தூக்கினாள். பூட்டு திறந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் முதலிலேயே அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் தூக்கினாள். முகம் அந்த இடத்துக்குத் தானாகப் போகப் பழகிவிட்டது. சில நேரம் திரும்பி வர மறந்தது. வரிசையில் பெர்னிஸ் என்பவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டாள்.

"என்ன பெர்னிஸ்?"

"ஒண்ணுமில்ல. நீ சிரிச்சியா இப்ப?"

"இல்லையே."

"இருபத்தேழு வருஷமா நீ சிரிச்சு நான் பாத்ததில்ல ஓடெட். தயவுசெஞ்சு இப்ப ஆரம்பிக்காத."

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. சமையலறை வழியாக உள்ளே வந்து நின்றபிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மதியம் இரண்டு மணிக்கு அலீர் அப்படி வந்தான். ஓடெட் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"லொரேன்" என்றான்.

ஓடெட் திரும்பினாள். அந்தச் சிரிப்பு இன்னும் இறங்கியிருக்கவில்லை. அலீர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அதை நிறுத்து. முகத்தை அப்படி வைக்காத."

அவள் கையால் வாயைத் துடைத்தாள், எதையோ அழிப்பதுபோல. "உக்காரு அலீர்."

"அணைச்சிட்டேன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"எத்தனை நாளா இது?"

"அன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து. ஆறாம் நாள்லேருந்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இல்லன்னா மூடிக்கும்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பனி பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, தரையெல்லாம் தண்ணீர். "உள்ள போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"பத்தொம்பது நாளா வெச்சிருக்க. ஒரு தடவைகூடவா பாக்கல?"

"மேல என் பேரைப் பாத்தேன். அதுக்கு மேல முடியல." அவள் எதிரே உட்கார்ந்தாள். இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்கு ஒவ்வொரு இரவும் தெரிந்திருந்தது. ஆனால் சொல்லத் தொடங்கியதும் குரல் ஆலையில் பெயர் வாசிப்பதுபோல வறண்டு வந்தது. "அன்னிக்குக் காலையில நான் அவளுக்கு ஒண்ணு அனுப்பினேன். அஞ்சு அம்பதுக்கு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆறரைக்கு உள்ள இல்லன்னா எழுதுவேன்னு. மூணாவது தடவைன்னு. கையில இல்லன்னு." அலீர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான் படிச்சுக் காட்டினேன்."

குளிர்பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

"எங்க ஒரே வண்டியை வேலையிலேருந்து ஆறு மணிக்குத்தான் நான் கொண்டுவந்தேன். பனி நிக்கவே இல்ல. அவ வாசல்ல மேலங்கியோட நிக்கிறா. நான் பூட்ஸோட அப்படியே கட்டில்ல விழுந்துட்டேன். ஃபோனைத் திறந்து என் நெஞ்சு மேல போட்டா. படின்னா. படிச்சேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சா. இனிமே பாலம் சுத்திப் போனா ஆறரை தாண்டிடும், ஐஸ் மேல நடந்துடறேன்னா. பதில் போடுன்னா. அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு." அவன் கையை விரித்து அதைப் பார்த்தான். "அப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல ஓடெட். ஒன்பது மணிக்கு முழிச்சேன். ஃபோன் இந்தக் கையிலேயே இருக்கு. இருட்டா, பூட்டிக்கிட்டு. நான் அனுப்பினேனா இல்லையான்னு பாக்கணும்னா எண் வேணும். எனக்குத் தெரியாது. உனக்கு எதுவும் வரலன்னு நீ சொல்லாமலே புரிஞ்சுது. வந்திருந்தா நீ அன்னிக்கே சொல்லியிருப்ப."

"அதனாலதான் அணைக்கச் சொன்னியா?"

"புதைக்கச் சொன்னேன்." அவன் ஃபோனைப் பார்த்துத் தலையை அசைத்தான். "திற. இன்னும் பத்தொம்பது நாளைக்கு என்னாலும் முடியாது, உன்னாலும் முடியாது."

ஓடெட் ஃபோனைத் தூக்கினாள். அலீர் இருந்ததால் அந்தச் சிரிப்பை வைக்கவில்லை. தன் முகத்தையே காட்டினாள். பூட்டு திறந்தது. பத்தொன்பது நாளில் அது அவளையே நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது. விரலை மேலே தள்ளினாள்.

அவளுடைய பெயர். அதற்குக் கீழே முந்தின வாரத்து அரட்டை. அதற்கும் கீழே ஐந்து ஐம்பதுக்கு அவள் அனுப்பியது. எல்லாவற்றுக்கும் அடியில், எழுதும் கட்டத்துக்குள், அனுப்பப்படாமல் நின்றது:

"ஐஸ் மேல நடந்து வர்றேன். பேனாவை மூடி வை."

ஓடெட் அதை நெடுநேரம் பார்த்தாள். லொரேன் பயந்து ஓடவில்லை. வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டேதான் கிளம்பியிருக்கிறாள். ஆனாலும் அக்காளின் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். இரண்டும் உண்மை. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

"அனுப்பல, இல்ல?" என்றான் அலீர்.

"அனுப்பல."

அவன் தலையை ஆட்டினான். அழவில்லை. மேசையைப் பார்த்தபடி கேட்டான். "முந்தின நாள் பனியை எங்க அறுத்தாங்கன்னு ஆலையில பலகையில எழுதிப்போடுவாங்கன்னு லொரேன் சொல்வா."

"ஆமா."

"அன்னிக்கும் எழுதியிருந்ததா?"

எழுதியிருந்தது. பதினோராவது மரத்தை ஒட்டி, வழிக்கு இந்தப் பக்கம் என்று நீல மையில் எழுதியிருந்தது. ஆறு மணியிலிருந்து ஆறு இருபத்தைந்துவரை ஓடெட் அந்தப் பலகைக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். தங்கை பதில் போடுவாள் என்று ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஐஸ் மேல் வருகிறேன் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் மறு நொடியே லொரேனைக் கூப்பிட்டிருப்பாள். ஃபோன் கட்டிலில் அலீரின் கையில் அடித்திருக்கும். அவன் விழித்திருப்பான். லொரேன் அப்போது மூன்றாவது மரத்தைத் தாண்டியிருப்பாளோ, நான்காவதையோ. கரையில் நின்று கத்தினால் கேட்கிற தூரம்.

"எழுதியிருந்துச்சு" என்றாள்.

"நான் அனுப்பியிருந்தா நீ பாத்திருப்பியா?"

அவன் தலையைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தான். கண் அசையாமல் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் ஒரு நிமிடத்தைக்கூடப் பொய்யாக எழுதியவள் அல்ல என்று அவனுக்கும் தெரியும்.

ஓடெட் முகத்தை அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். புருவத்தைத் தூக்கவில்லை. உதட்டில் ஒரு நூல் அளவு மட்டும், லொரேன் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபோது வைத்துக்கொள்கிற முகம்.

"இல்ல" என்றாள். "அஞ்சு அம்பதுக்கு அனுப்பினதும் லாக்கர்ல போட்டுப் பூட்டிட்டேன். அப்புறம் பத்து மணி இடைவேளைக்குத்தான் எடுத்தேன். நீ அனுப்பியிருந்தாலும் பத்து மணிக்குத்தான் பாத்திருப்பேன்."

"விதி."

"ஆமா, விதி. மேற்பார்வையாளரும் லாக்கர்லதான் வைக்கணும்."

அலீர் இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். பிறகு அவன் தோள் மெதுவாக இறங்கியது. இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்தான். ஓடெட் அழுகைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. சற்று நேரத்தில் குறட்டைதான் வந்தது.

அவள் எழுந்து அடுப்பைக் கூட்டினாள். உருளைக்கிழங்கையும் உப்புப் பன்றி இறைச்சியையும் எடுத்து வைத்தாள். ஃபோன் கடைசியாகத் திறந்தது இரண்டரைக்கு. ஆறரைவரை நேரம் இருந்தது. அதற்குமேல் அந்தக் கட்டத்தில் நிற்கும் ஏழு வார்த்தையை யாராலும் படிக்க முடியாது. படித்துவிட்டு, எத்தனை மணிக்கு எழுதியது, எப்போது போயிருக்க வேண்டியது என்று யாராலும் அலீரிடம் கேட்க முடியாது. தான் இப்போது சொன்னதையும் எதனுடனும் ஒத்துப் பார்க்க முடியாது. அதோடு, லொரேன் என்று நம்பித் தன்னைப் பார்த்த ஒரே ஒன்றும் போய்விடும்.

ஐந்து மணிக்கு அலீர் எழுந்து சாப்பிட்டான். இரண்டு முறை போட்டுக்கொண்டான். "ராத்திரி வண்டி எடுக்கணும்" என்றான். கதவருகே நின்று, மேடைமேல் இருந்த ஃபோனைக் காட்டி, "அதை என்ன பண்ணப்போற?" என்று கேட்டான்.

"மே மாசம் பெட்டியில வெச்சிடலாம்."

"சரி" என்றான். படி இறங்கும் சத்தம் கேட்டது. வரும்போது இருந்ததைவிட லேசான சத்தம்.

ஆறு மணி ஆனது. ஓடெட் பாத்திரம் கழுவினாள். ஆறு இருபதுக்குத் துடைத்து அடுக்கினாள். ஆறு இருபத்தெட்டுக்கு ஈரக் கையோடு மேடை அருகே வந்து நின்றாள். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மணி அவளுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்தைந்துக்குத் தூக்கிப் பார்த்தாள். தன் முகத்தைக் காட்டினாள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும், லொரேனின் முகத்தையும் காட்டினாள். பூட்டு அசையவில்லை. ஆறு வெறும் வட்டம் வந்து நின்று எண்ணைக் கேட்டது.

இரவு பத்து மணிக்கு ஓடெட்டுக்கு விழிப்பு வந்தது. இரண்டு மணிக்கும் வந்தது.